சம்பளம் மாசாமாசம் வந்துச்சா? உலக வரலாற்றுக் கையேடு எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பள்ளித் தேர்வுக்கும் போட்டித் தேர்வுக்கும் தமிழில் உலக வரலாற்றுக் கையேடு எழுதுகிற ஐயாமார், அம்மாமார் அனைவருக்கும் வணக்கம்.

நான் கோவில்பட்டிப் பக்கம் மாலை நேரத்தில் டியூஷன் எடுக்கிறவன். வரலாறுதான் என் பாடம். உங்கள் கையேடுகளை வைத்துத்தான் இருபது வருடமாக என் வண்டி ஓடுகிறது. அதனால் வம்புக்கு எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம்.

இந்த வருடம் அமெரிக்க உள்நாட்டுப் போர் நடத்தினேன். கையேட்டில் ஒன்றரைப் பக்கம். 1861 ஏப்ரல் 12 சம்டர் கோட்டையில் முதல் பீரங்கி, 1863 ஜனவரி 1 அடிமை விடுதலைப் பிரகடனம், அந்த ஜூலையில் கெட்டிஸ்பர்க் சண்டை, 1865 ஏப்ரல் 9 அப்போமாட்டாக்ஸில் தெற்கின் தளபதி லீ சரண், ஐந்து நாள் கழித்து அதிபர் லிங்கன் சுடப்பட்டார். அரை மணி நேரத்தில் முடித்துவிட்டேன். ஏதாவது சந்தேகம் இருக்கிறதா என்று வழக்கமான சம்பிரதாயத்துக்குக் கேட்டேன். கடைசி பெஞ்சில் ஒரு பையன் கை தூக்கினான். அவன் அப்பா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து சமீபத்தில்தான் ஓய்வு பெற்று வந்தவர்.

"சார், அவங்களுக்குச் சம்பளம் மாசாமாசம் வந்துச்சா?"

வகுப்பே சிரித்தது. பட்டாளத்துக்காரர் வீட்டில் வளர்ந்த பிள்ளைக்குத்தான் அந்தக் கேள்வி வரும், மற்றவர்களுக்கு வராது. அவன் அம்மா எத்தனை மாதக் கடைசியில் பணத்துக்காகக் காத்திருந்தாரோ. நான் கையேட்டைப் புரட்டினேன். ஜெனரல்கள் பெயர் ஒன்பது இருந்தது. சாதாரண சிப்பாய் ஒருவர் பெயர்கூட இல்லை. சம்பளம் எங்கே இருக்கப்போகிறது? "நாளைக்குச் சொல்றேன்டா" என்றேன். அந்த நாளை வர எனக்கு மூன்று மாதம் ஆயிற்று.

அந்த மூன்று மாதத்தில் படித்ததைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

முதலில் சம்பளம். வடக்குப் படையில், அதாவது லிங்கன் அரசின் படையில், சிப்பாய்க்கு மாதம் 13 டாலர். 1864 நடுவில் 16 ஆக்கினார்கள். பிரிந்துபோன அடிமைமுறை மாநிலங்களான தெற்கில் 11, பிறகு 18. ஆனால் தெற்கின் நோட்டு அச்சடிக்க அச்சடிக்க மதிப்பிழந்துகொண்டே போனதால் அந்த 18ஐ வைத்துப் பெரிதாக ஒன்றும் வாங்க முடியாது. வடக்கில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை தர வேண்டும் என்பது விதி. வந்தது நாலு மாதம், ஆறு மாதம் கழித்து. இடைப்பட்ட காலத்தில் முகாம் ஓரத்தில் உரிமம் வாங்கிக் கடை போட்டிருந்த வியாபாரிதான் கதி. புகையிலை, வெண்ணெய், இனிப்பு ரொட்டி எல்லாம் அவனிடம் கிடைக்கும், விலைதான் கொள்ளை. கையில் காசில்லாதவர் கடனுக்கு வாங்குவார். சம்பள நாளில் அந்தக் கடன் கழிந்து மிச்சம்தான் வீட்டுக்கு. பற்று நோட்டு என்றால் என்னவென்று என் மாணவர்களுக்கு விளக்க வேண்டிய அவசியமே இல்லை.

அப்புறம் வேலை. போர் என்றதும் நம் பிள்ளைகள் தினமும் சண்டை என்று நினைக்கிறார்கள். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை, கையேட்டில் ஒரு சண்டைக்கும் அடுத்த சண்டைக்கும் நடுவில் ஒரு முற்றுப்புள்ளிதானே இருக்கிறது. அந்த முற்றுப்புள்ளிக்குள் சிப்பாய்க்கு மாதக்கணக்கில் வாழ்க்கை போயிருக்கிறது. கோடையில் விடிகாலை ஐந்து மணிக்கு ஊதுகொம்பு. வரிசையில் நின்று பெயர் கூப்பிடல், காலைச் சாப்பாடு, நோயாளிகள் வைத்தியரிடம் போகும் நேரம், பயிற்சி, மதியச் சாப்பாடு, மறுபடி பயிற்சி, சாயங்கால அணிவகுப்பு, இரவு ஒன்பதுக்குத் திரும்பப் பெயர் கூப்பிடல். பென்சில்வேனியா சிப்பாய் ஒருவர் வீட்டுக்கு எழுதியதன் சாரம் இது: காலையில் எழுந்ததும் பயிற்சி, அப்புறம் பயிற்சி, அதற்கப்புறமும் பயிற்சி, பயிற்சிகளுக்கு நடுவிலும் பயிற்சி, எப்போதாவது கொஞ்சம் நிறுத்திச் சாப்பிடுகிறோம்.

அந்தப் பயிற்சிக்குக் காரணம் துப்பாக்கி. ஒரு முறை சுட்டதும் மறுபடி நிரப்ப ஒன்பது படி. காகிதத் தோட்டாவைப் பல்லால் கடித்துக் கிழிக்க வேண்டும், மருந்தைக் குழலில் கொட்ட வேண்டும், குண்டை விட்டு நீளக் கம்பியால் இடிக்க வேண்டும், கம்பியை உருவி மறுபடி செருக வேண்டும், கடைசியில் பொட்டு வெடி மாதிரி ஒரு சின்னச் செப்பு மூடியை வைக்க வேண்டும். கை தேர்ந்தவர் நிமிடத்துக்கு மூன்று முறை சுடுவார். முன்பல் இல்லாதவரைப் படையில் எடுக்கவில்லை, தோட்டாவைக் கடிக்க முடியாதே. இவ்வளவு பழகியும் சண்டைக்களத்தில் என்ன ஆயிற்று தெரியுமா? கெட்டிஸ்பர்க் முடிந்ததும் களத்திலிருந்து 27,000க்கும் மேற்பட்ட துப்பாக்கிகளைப் பொறுக்கினார்கள். அவற்றில் ஏறத்தாழ 24,000 நிரப்பியபடியே கிடந்தன. பாதிக்குப் பாதியில் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு தோட்டாக்கள். ஒரு துப்பாக்கியில் 23. அதாவது யாரோ ஒருவர் சுடாமலேயே, அல்லது சுட்டதாக நினைத்துக்கொண்டே, இருபத்து மூன்று முறை இடித்து இடித்து நிரப்பியிருக்கிறார். அந்த மனிதரின் கை எப்படி நடுங்கியிருக்கும்! கெட்டிஸ்பர்க்கைப் பற்றி நான் இதுவரை வகுப்பில் சொன்ன எதையும்விட இந்த 23 பிள்ளைகளுக்கு நினைவிருக்கிறது.

சாப்பாட்டுக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டும்.

வடக்குச் சிப்பாயின் முக்கிய உணவு ஹார்ட்டாக் என்ற பிஸ்கட். மைதாவும் தண்ணீரும் பிசைந்து சுட்டது. மூன்று அங்குலச் சதுரம், அரை அங்குலக் கனம். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஒன்பது அல்லது பத்து. அதைக் கடிக்க முடியாமல் துப்பாக்கிக் கட்டையால் உடைத்தார்கள். 'பல் மழுக்கி' என்று பெயர் வைத்தார்கள். 'புழுக் கோட்டை' என்றும் ஒரு பெயர், ஏனென்றால் பெட்டி வந்து சேருவதற்குள் வண்டும் புழுவும் குடியேறியிருக்கும். பெட்டிகள் மேல் 'பி.சி.' என்று முத்திரை இருந்ததைப் பார்த்து, கிறிஸ்து பிறப்பதற்கு முன் சுட்டதுபோல என்று கேலி பேசினார்கள். நம் வீட்டில் ரவையில் வண்டு விழுந்தால் சலித்துவிட்டு உப்புமா கிண்டுவார்கள். அவர்களிடம் சல்லடை ஏது? பிஸ்கட்டைக் கொதிக்கும் காபியில் போட்டார்கள். புழு மேலே மிதந்து வரும். கரண்டியால் வழித்து எறிந்துவிட்டுக் குடித்தார்கள். இருட்டில் தின்பதே நல்லது என்றவர்களும் உண்டு.

தொட்டுக்கொள்ளப் பன்றி உப்புக்கண்டம். பிஸ்கட்டைத் தண்ணீரில் ஊறவைத்து அந்தக் கொழுப்பில் வறுப்பதும் உண்டு. காய்கறி என்ற பெயரில் உலர்த்தி அழுத்திய கட்டி ஒன்று வந்தது. தண்ணீரில் போட்டால் ஊதிப் பெருகும், இலையும் தண்டும் வேருமாக. சிப்பாய்கள் அதன் பெயரையே திரித்து, 'தீட்டுப்பட்ட காய்கறி' என்கிற மாதிரி ஒரு சொல்லாக்கிச் சிரித்தார்கள்.

காபிதான் உயிர். பச்சைக் கொட்டையாக வந்தால் சட்டியில் வறுத்து, வாளியில் கொட்டி, துப்பாக்கிக் கட்டையால் நசுக்கிப் போடுவார்கள். நடைப்பயணத்தில் பத்து நிமிடம் நின்றால் போதும், சுள்ளி பொறுக்கித் தீ மூட்டிவிடுவார்கள்.

தெற்குச் சிப்பாய்க்கு அந்தக் கொடுப்பினை இல்லை. வடக்கின் கப்பற்படை தெற்குத் துறைமுகங்களை அடைத்துவிட்டதால் காபி வரவில்லை. நிலக்கடலை, சர்க்கரைவள்ளிக்கிழங்கு, சோளம், கருவாலிக் கொட்டை, சிக்கரி என்று எதையாவது வறுத்துக் கொதிக்க வைத்துக் காபி என்று குடித்தார்கள். நாம் ருசிக்காகச் சேர்க்கும் சிக்கரி அவர்களுக்கு வேறு வழியில்லாமல் வந்தது. தெற்கில் புகையிலைக்குப் பஞ்சமில்லை, வடக்கில் காபிக்குப் பஞ்சமில்லை. விடுவார்களா? 1862–63 குளிர்காலத்தில் ராப்பஹானக் ஆற்றின் இரு கரையிலும் இரு படையும் உட்கார்ந்திருந்தபோது, சின்னப் பலகைப் படகில் காகிதமோ துணியோ பாய் கட்டி, இந்தக் கரையிலிருந்து புகையிலையும் அந்தக் கரையிலிருந்து காபியும் அனுப்பிக்கொண்டார்கள். அதிகாரிகள் தடை போட்டார்கள். படகு போய்க்கொண்டேதான் இருந்தது. 1862 டிசம்பரில்தான் அதே ஆற்றங்கரையில் ஒருவரை ஒருவர் ஆயிரக்கணக்கில் சுட்டிருந்தார்கள்.

தெற்கின் காபியை நிறுத்திய அதே முற்றுகைதான் எங்கள் கரிசல் காட்டையும் தொட்டது. இங்கிலாந்தின் லங்காஷயர் துணி ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி நின்றதும் வியாபாரிகளின் பார்வை இந்தியப் பருத்தி மேல் விழுந்தது. பம்பாயில் பணம் கொட்டியது. திருநெல்வேலிப் பருத்தி என்று பெயர் வாங்கிய இந்தப் பக்கத்துப் பருத்திக்கும் தூத்துக்குடி வழியாகக் கிராக்கி. 1865இல் போர் முடிந்ததும் விலை விழுந்தது, பம்பாயில் பெரிய பெரிய வியாபாரிகள் திவாலானார்கள். உங்கள் கையேடுகளில் பம்பாய் ஒரு பாடத்தில் இருக்கிறது, அமெரிக்கப் போர் வேறொரு பாடத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு வரி போட்டிருக்கலாம்.

நோயைச் சொல்லாமல் இந்தப் போரைச் சொல்ல முடியாது. செத்தவர்கள் 6 லட்சத்து 20 ஆயிரம் என்பது பழைய கணக்கு. 2011இல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பை வைத்துப் பார்த்த ஆய்வு ஏழரை லட்சம் அளவுக்குப் போனது. இதில் மூன்றில் இரண்டு பங்கு குண்டு பட்டுச் சாகவில்லை, நோயில் போனார்கள். கிராமத்தை விட்டு வெளியே வராத பையன்களை ஆயிரம் பேராகக் கூடாரத்தில் அடைத்ததும் முதலில் தட்டம்மை வந்தது. பிறகு டைபாய்டு, மலேரியா. எல்லாவற்றுக்கும் மேல் பேதியும் சீதபேதியும். கழிப்பதற்கு வெட்டிய குழி ஒரு பக்கம், குடிக்கத் தண்ணீர் எடுத்த ஓடை அதற்குப் பக்கத்திலேயே. கிருமி என்ற விஷயம் அன்றைய வைத்தியர்களுக்குத் தெரியாது. பேன் வேறு. பேனைத் தட்டில் விட்டு எது முதலில் ஓரத்துக்கு ஓடும் என்று பந்தயம் கட்டியிருக்கிறார்கள். அந்த விளையாட்டில் காசு தோற்றவர்களும் உண்டு.

குளிர்காலத்தில் சேறு காரணமாகப் படை நகராது. மரத்துண்டுகளை அடுக்கி, இடையில் மண் பூசி, உடைந்த பீப்பாயைப் புகைபோக்கியாக வைத்துக் குடிசை கட்டிக்கொள்வார்கள். சீட்டு, கடிதம், பனிப்பந்து எறிதல். மற்றக் காலத்தில் ஆளுக்கொரு பாதிக் கூடாரத் துணி. இரண்டு பேர் சேர்ந்து பொத்தான் மாட்டினால் ஒரு கூடாரம். ஜோடி செத்துவிட்டால் பாதிக் கூடாரத்தோடு இன்னொருவரைத் தேட வேண்டும்.

இந்த ஆட்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதும் முக்கியம். ஏறத்தாழ பாதிப் பேர் விவசாயம் பார்த்தவர்கள். தெற்கில் 1862 ஏப்ரலில் கட்டாய ஆள்சேர்ப்பு வந்தது. அந்த அக்டோபரில், இருபதோ அதற்கு மேலோ அடிமைகளை வைத்திருக்கும் தோட்டத்துக்கு ஒரு வெள்ளையருக்கு விலக்கு. வடக்கில் 1863இல் சட்டம் வந்தபோது 300 டாலர் கட்டினால் போக வேண்டாம். சிப்பாயின் ஏறத்தாழ இரண்டு வருடச் சம்பளம் அது. சண்டையைக் கூட்டியது பணக்காரன், சண்டை போடுவது ஏழை என்று இரண்டு பக்கமும் பேச்சு எழுந்தது. அந்த ஜூலையில் நியூயார்க்கில் கலவரமே வெடித்தது. அதில் வெறி கொண்ட கூட்டம் கறுப்பின மக்களைத்தான் தேடித் தேடி அடித்துக் கொன்றது என்பதையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். தெற்குச் சிப்பாயின் பசிக்கு எனக்கு இரக்கம் உண்டு, அவன் எதற்காகச் சண்டை போட்டான் என்பதில் எனக்குச் சந்தேகமும் இல்லை. அடிமைமுறையைக் காப்பாற்றத்தான் அந்த அரசு உண்டானது. சிப்பாயின் கஷ்டத்தைச் சொன்னால் இது மறந்துபோகும் என்று பயந்துதான் நீங்கள் எழுதாமல் விட்டீர்கள் என்றால், அந்தப் பயம் தேவையில்லை. அடுத்து நான் சொல்லப்போகும் சிப்பாயைப் பாருங்கள்.

பையனின் கேள்விக்கு உண்மையான பதில் இவரிடம்தான் கிடைத்தது. ஜேம்ஸ் ஹென்றி குடிங். கறுப்பினத்தவர். திமிங்கல வேட்டைக் கப்பலில் வேலை பார்த்தவர். 54ஆவது மாசசூசெட்ஸ் படைப்பிரிவில் கார்ப்பரல். சேரும்போது மற்றவர்களுக்கு உள்ள சம்பளம்தான் என்று வாக்குக் கொடுத்தார்கள். சம்பள நாளில் கறுப்பினச் சிப்பாய்க்கு 10 டாலர், அதிலும் உடுப்புக்கு 3 டாலர் பிடித்தம் என்றார்கள். வெள்ளைச் சிப்பாய்க்கு 13, உடுப்புக்குத் தனிப்படி. 1863 ஜூலை 18 அன்று தென் கரோலினாவில் வாக்னர் கோட்டையின் மேல் பாய்ந்து பல பேரை இழந்த படைப்பிரிவு இதுதான். 7 டாலரை அவர்கள் வாங்க மறுத்தார்கள். மாநில அரசு மிச்சத்தை நாங்கள் போட்டுத் தருகிறோம் என்றது, அதையும் மறுத்தார்கள். பணம் குறைவு என்பது மட்டும் பிரச்சினையாக இருந்தால் அந்த இடத்திலேயே தீர்ந்திருக்கும். மாதக்கணக்கில் ஒரு காசு வாங்காமல் அகழி வெட்டினார்கள், காவல் நின்றார்கள்.

1863 செப்டம்பர் 28 அன்று தென் கரோலினாவின் மோரிஸ் தீவு முகாமிலிருந்து குடிங் நேராக லிங்கனுக்கே கடிதம் எழுதினார். நாங்கள் சிப்பாய்களா, கூலியாட்களா? இதுதான் அவர் கேள்வி. சிப்பாயின் கடமையைச் செய்துவிட்டோம், சிப்பாயின் சம்பளம் ஏன் எங்களுக்கு இல்லை என்றும் கேட்டிருக்கிறார். கெஞ்சல் இல்லை, கோபத்தில் வார்த்தையும் தவறவில்லை. மேலதிகாரிக்கு மனு எழுதிப் பழகியவர்கள் அந்தக் கடிதத்தைப் படித்தால் அது எவ்வளவு கடினம் என்று தெரியும்.

அதே நவம்பரில் வேறொரு கறுப்பினப் படைப்பிரிவில் சார்ஜன்ட் வில்லியம் வாக்கர் இதே சம்பளத்துக்காகத் தம் ஆட்களோடு போய்க் கர்னலின் கூடாரத்துக்கு முன்னால் துப்பாக்கிகளை அடுக்கி வைத்துவிட்டார். கலகம் என்று விசாரித்து 1864 பிப்ரவரி 29 அன்று அவரைச் சுட்டார்கள்.

1864 ஜூனில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் சமச் சம்பளத்துக்குச் சட்டம் போட்டது. 54ஆவது படைப்பிரிவின் கைக்குப் பணம் வந்தபோது குடிங் கடிதம் எழுதி ஏறத்தாழ ஒரு வருடம் ஓடியிருந்தது. குடிங் அங்கே இல்லை. பிப்ரவரியில் புளோரிடாவில் ஓலஸ்டி சண்டையில் அடிபட்டுப் பிடிபட்டிருந்தார். செத்துவிட்டார் என்றே முதலில் செய்தி போனது. ஜார்ஜியாவில் ஆண்டர்சன்வில் சிறை முகாம்: கூரையில்லாத திறந்தவெளி அடைப்பு, ஏறத்தாழ 45,000 பேரை அடைத்து 13,000 பேரைச் சாகவிட்ட இடம். அங்கே 1864 ஜூலை 19 அன்று அவர் இறந்தார்.

அடுத்த வகுப்பில் இதைத்தான் சொன்னேன். பையன் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்ப அந்தப் பணத்தை யார் சார் வாங்குனாங்க?" என்றான். இந்த முறை வகுப்பில் ஒருவரும் சிரிக்கவில்லை.

உங்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த பதிப்பில் இந்தப் பாடத்துக்குள் அரைப் பக்கம் கட்டம் கட்டி ஒரு சிப்பாயின் நாளைப் போடுங்கள். குடிங் பெயரைப் போடுங்கள். தேர்வில் கேட்க மாட்டார்களே என்பீர்கள். கேட்க மாட்டார்கள்தான். ஒன்பது ஜெனரல்களில் ஐந்து பேரைத் தேர்வில் கேட்டு நானும் இதுவரை பார்த்ததில்லை, அவர்களை எடுத்துவிட்டால் இடம் கிடைக்கும். பக்கம் கூடினால் விலை கூடும் என்று பதிப்பாளர் சொன்னால், லிங்கன் படத்தைக் கொஞ்சம் சிறிதாக்கிக்கொள்ளலாம், அவர் தவறாக நினைக்க மாட்டார்.

நான் எடுத்த குறிப்பு கையெழுத்தில் நாற்பது பக்கம் இருக்கிறது. வேண்டும் என்கிறவர்களுக்கு நகல் எடுத்து அனுப்பிவைக்கிறேன். கூரியர் செலவு மட்டும் உங்களுடையது.

இப்படிக்கு,
ஒரு டியூஷன் வாத்தியார்,
கோவில்பட்டி வட்டாரம்.